கரையை அளக்க வரும் மாணவர்கள்

நமது நாடாளுமன்றச் செய்தியாளர்

புது தில்லி: கடல் அரிப்பு குறித்துக் கேள்வி எழாத நாடாளுமன்றக் கூட்டத்தொடர் அரிது. கேட்பவர் பெரும்பாலும் கேரளம், தமிழகம், ஆந்திரம், ஒடிஸா ஆகியவற்றில் ஏதேனும் ஒரு மாநிலத்தின் உறுப்பினராக இருப்பார். பதில் தருபவர் சுற்றுச்சூழல் அமைச்சராகவோ, புவி அறிவியல் அமைச்சராகவோ இருப்பார். பதிலோடு ஓர் அட்டவணை இணைக்கப்பட்டிருக்கும். சென்னையில் உள்ள தேசிய கடலோர ஆராய்ச்சி மையம், 1990 முதல் 2018 வரையிலான செயற்கைக்கோள் படங்களையும் கள அளவீடுகளையும் கொண்டு தயாரித்த அட்டவணை அது. அதன்படி நாட்டின் கடற்கரையில் 33.6 சதவீதம் அரிப்புக்கு உள்ளாகியுள்ளது. 26.9 சதவீதப் பகுதியில் மணல் சேர்ந்துள்ளது. எஞ்சிய பகுதி ஏறத்தாழ நிலையாக உள்ளது. கேரளத்தின் 592.96 கி.மீ. கரையில் 46.4 சதவீதமும், தமிழகத்தின் 991.47 கி.மீ. கரையில் 42.7 சதவீதமும் அரிப்பில் உள்ளன.

அந்த அட்டவணை அவையின் பதிவில் சேர்ந்ததும் விஷயம் முடிந்துவிடுகிறது. அந்த எண்களை எந்த இடத்தில், எந்த மாதத்தில், யார் நின்று அளந்தார்கள் என்று ஓர் உறுப்பினர் துணைக் கேள்வி எழுப்பியதாக இச்செய்தியாளருக்கு நினைவில்லை. கரையோரத்தில் வீடு வைத்திருப்பவருக்கோ, அந்த ஒரு கேள்வியில்தான் வாழ்வே அடங்கியிருக்கிறது.

அதற்கு விடை தேடுவோர் திருவனந்தபுரத்தைத் தவிர்க்க முடியாது. கடலோர வள மேலாண்மையிலும் சுற்றுச்சூழல் பாதுகாப்பிலும் களப் பயிற்சி பெற வரும் மாணவருக்கு இதைவிடப் பொருத்தமான நகரம் நாட்டில் வேறு உண்டா என்பது ஐயமே. தமிழக எல்லையை ஒட்டிய பொழியூர் முதல் வர்க்கலைக்கு அப்பால் இடவா வரை சுமார் 78 கி.மீ. நீளும் இம்மாவட்டக் கரையில் விழிஞம் துறைமுகமும் கோவளம் சுற்றுலாத் தலமும் சர்வதேச விமான நிலையமும் இருக்கின்றன. 1963-இல் இந்தியாவின் முதல் ராக்கெட் ஏவப்பட்ட தும்பாவும், புவியியலாளர்கள் போற்றும் வர்க்கலைக் குன்றுகளும் இங்கேதான் உள்ளன. இவற்றுக்கு நடுவே நெருக்கியடித்துக் கொண்டு நிற்கின்றன மீனவ கிராமங்கள். (விழிஞம் ஆய் மன்னர்களின் துறைமுகமாக இருந்ததும், சோழர் கல்வெட்டுகள் கூறும் காந்தளூர்ச் சாலை இப்பகுதியையே குறிக்கும் எனச் சில வரலாற்று அறிஞர்கள் கருதுவதும் தமிழ் வாசகர்களுக்குப் புதிதல்ல.)

ஆய்வு நிறுவனங்களுக்கும் குறைவில்லை. அக்குளத்தில் உள்ள புவி அறிவியல் ஆய்வு மையம் 1978-இல் கேரள அரசால் தொடங்கப்பட்டது. 2014 ஜனவரி 1 முதல் மத்திய புவி அறிவியல் அமைச்சகத்தின் கீழ் தேசிய மையமாகச் செயல்படுகிறது. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மையம் விழிஞத்தில் இருக்கிறது. காரியவட்டத்தில் கேரளப் பல்கலைக்கழகத்தின் நீர்வாழ் உயிரியல், மீன்வளத் துறை உள்ளது. மீனவர் பொருளாதாரம் குறித்து நெடுங்காலமாக ஆராய்ந்துவரும் வளர்ச்சி ஆய்வு மையமும், மீனவர் சங்கங்களின் தென்னிந்தியக் கூட்டமைப்பான 'சிஃப்ஸ்' அமைப்பும் இதே நகரில்தான் உள்ளன.

பட்டத்தின் பகுதியான பயிற்சி: இதுவரை ஆர்வமுள்ள முதுநிலை மாணவர்கள் சிலர் மட்டும் தேடி வந்த பயிற்சி இது. நிலைமை இப்போது மாறிவிட்டது. 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையைத் தொடர்ந்து, 2022 டிசம்பரில் பல்கலைக்கழக மானியக் குழு வெளியிட்ட பாடத்திட்ட வரைமுறை, 'இன்டர்ன்ஷிப்' எனப்படும் களப் பயிற்சியை இளநிலைப் பட்டப் படிப்பின் பகுதியாக்கியது. கொள்கையின் பல அம்சங்களில் மத்திய அரசுடன் முரண்பட்ட கேரளமும் 2024 ஜூலை 1 முதல் நான்காண்டுப் பட்டப் படிப்பைத் தொடங்கியது. விலங்கியல், புவியியல், சுற்றுச்சூழல் அறிவியல் பயிலும் மாணவர்கள் பட்டம் பெற வேண்டுமானால் எங்கேனும் ஓரிடத்தில் பயிற்சி பெற்றாக வேண்டும். அவர்களுக்குக் கடல் பக்கத்திலேயே இருக்கிறது.

ஆனால் செலவு யாருடையது? ஆய்வு நிறுவனங்களிலும் தொண்டு அமைப்புகளிலும் பெரும்பாலான களப் பயிற்சிகளுக்கு உதவித்தொகை கிடையாது. தங்குமிடம், உணவு, பேருந்துக் கட்டணம் அனைத்தும் மாணவர் பொறுப்பு. 2024-ஆம் ஆண்டு நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்ட பிரதமரின் இன்டர்ன்ஷிப் திட்டம் மாதம் ரூ.5,000 வழங்குவதாகத் தொடங்கப்பட்டது. எனினும் அது நாட்டின் முன்னணி 500 நிறுவனங்களை மனத்தில் வைத்து வகுக்கப்பட்டது. கடற்கரையில் அளவுகோல் பிடிக்கும் வேலை அந்தப் பட்டியலில் வராது. அத்திட்டமும் எதிர்பார்த்தபடி நடைபெறவில்லை. முதல் சுற்றில் 1.27 லட்சம் வாய்ப்புகள் அறிவிக்கப்பட்டன. அழைப்பை ஏற்றுக்கொண்டோர் 28 ஆயிரம் பேர். உண்மையில் பணியில் சேர்ந்தோர் 8,700 பேர் அளவிலேயே இருந்தனர் என்பது நாடாளுமன்றத்துக்கு அளிக்கப்பட்ட பதில்களில் இருந்தே தெரிகிறது. பணம் கொடுத்தும் இந்த நிலை என்றால், கைக்காசு செலவழித்து வர வேண்டிய பயிற்சிக்கு யார் வருவார்கள் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. வலியதுறையிலோ பூந்துறையிலோ வசிக்கும் மீனவரின் மகளுக்கு விடுமுறைக் காலம் வருவாய் தேட வேண்டிய காலம்.

விடுமுறையில் விரியும் கரை: பயிற்சி மாணவர் செய்யும் அடிப்படை வேலை பார்ப்பதற்கு எளியது. கரையில் அசையாத ஓர் அடையாளக் கல்லைத் தேர்ந்துகொண்டு, அங்கிருந்து நீர் விளிம்பு வரை சில மீட்டருக்கு ஒருமுறை அளவுகோலை நிறுத்தி, மட்டம் பார்க்கும் கருவியால் மணலின் உயரத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். அடுத்த மாதம் அதே கல்லிலிருந்து, அதே திசையில், அதே வேலையை மீண்டும் செய்ய வேண்டும். இரு கோடுகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வரைந்தால் இடைப்பட்ட காலத்தில் கடல் எவ்வளவு மணலை எடுத்தது, எவ்வளவு திருப்பித் தந்தது என்பது தெரிந்துவிடும். இதோடு அலையின் உயரம், கடலோர நீரோட்டத்தின் திசை, மணலின் பருமன் ஆகியவற்றையும் குறித்துக்கொள்வர்.

கேரளக் கடற்கரைக்கு ஓர் ஆண்டுச் சுழற்சி உண்டு. ஜூன் மாதம் தென்மேற்குப் பருவமழை தொடங்கியதும் உயர்ந்த அலைகள் கரை மணலை வாரிக் கடலுக்குள் கொண்டுசெல்கின்றன. ஆகஸ்ட், செப்டம்பருக்குப் பின் கடல் தணியத் தணிய அந்த மணல் சிறிது சிறிதாகத் திரும்புகிறது. கோடையில் கரை அகன்று கிடக்கிறது. கல்லூரிகளின் விடுமுறையோ ஏப்ரல், மே மாதங்களில் வருகிறது. அதாவது, கரை மிக அகலமாக இருக்கும் வேளையில் மாணவர் வந்து அளக்கிறார். வீடுகள் இடியும் ஜூலை மாதத்தில் அவர் வகுப்பறையில் இருக்கிறார். விடுமுறைக் கால அறிக்கைகளை மட்டும் வரிசையாகப் படிப்பவருக்குக் கடல் எதையும் எடுக்கவே இல்லை என்றுகூடத் தோன்றலாம். பருவமழைக்கு முன் ஒரு முறை, நடுவில் ஒரு முறை, பின்னர் ஒரு முறை எனப் பயிற்சியைப் பிரித்து வைப்பதில் கல்லூரிகளுக்கு நிர்வாகச் சிக்கல் இருக்கலாம். பருவத்தேர்வு அட்டவணைக்குக் கடல் கட்டுப்படாது என்பதை அவை ஏற்றுத்தான் ஆக வேண்டும்.

இந்தச் சுழற்சி குலைந்திருப்பதே இன்றைய பிரச்னை. எடுத்த மணல் முழுவதும் திரும்புவதில்லை. திருவனந்தபுரம் பத்மநாப சுவாமி கோயிலின் ஆராட்டு ஊர்வலம் ஆண்டுக்கு இருமுறை சங்குமுகம் கரைக்கு வரும். அதற்காக விமான நிலைய ஓடுபாதை சில மணி நேரம் மூடப்படுவது உலகில் வேறெங்கும் காண இயலாத வழக்கம். அந்தச் சங்குமுகத்தில் கரை அரிக்கப்பட்டுச் சாலையே இடிந்து விழுந்தது. தடுப்புச் சுவர் எழுப்பி 2022-இல்தான் சாலை சீரமைக்கப்பட்டது. அருகில் உள்ள வலியதுறைப் பாலம் 1956-இல் கட்டப்பட்டது. 2021 மே மாதம் டௌக்டே புயலின்போது அதன் ஒரு பகுதி தாழ்ந்தது. 2024 மார்ச்சில் பாலம் இரண்டாகத் துண்டானது. வீடிழந்த மீனவக் குடும்பங்கள் வலியதுறையில் சிமென்ட் கிடங்கிலும் பள்ளி வகுப்பறைகளிலும் ஆண்டுக்கணக்கில் தங்கியிருந்ததை மலையாள நாளிதழ்கள் விரிவாக எழுதியுள்ளன. முட்டத்தறையில் 2018-இல் 192 அடுக்குமாடி வீடுகளும், 2025 ஆகஸ்டில் 300-க்கும் மேற்பட்ட வீடுகளும் கரையோரக் குடும்பங்களிடம் ஒப்படைக்கப்பட்டன.

ஒரு கோட்டின் மதிப்பு: மாணவர் அளப்பது மணலை மட்டுமல்ல. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய ஓதத்தின்போது கடல்நீர் நிலத்தில் எதுவரை ஏறுகிறதோ, அதுவே சட்டத்தின் பார்வையில் உயர் அலைக் கோடு. கடலோர ஒழுங்குமுறை மண்டலம் தொடர்பான எல்லாத் தடைகளும் அனுமதிகளும் இந்தக் கோட்டிலிருந்தே கணக்கிடப்படுகின்றன. 1981-இல் பிரதமர் இந்திரா காந்தி கடலோர மாநில முதல்வர்களுக்கு எழுதிய கடிதத்தில் 500 மீட்டர் வரை கரையைக் காக்க வேண்டும் எனக் கூறியிருந்தார். 1986-இல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன் கீழ் 1991 பிப்ரவரி 19-இல் முதல் அறிவிக்கை வெளியானது. பின்னர் 2011-இலும் 2019-இலும் புதிய அறிவிக்கைகள் வந்தன. நாடாளுமன்றத்தில் தனிச் சட்டமாக விவாதிக்கப்படாமல், அமைச்சக அறிவிக்கைகளாலேயே நாட்டின் கடற்கரை முழுவதும் ஆளப்பட்டு வருகிறது. இதைப் பற்றி உறுப்பினர்கள் இன்னும் உரத்துப் பேசியிருக்கலாம்.

2019-ஆம் ஆண்டு அறிவிக்கை, 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி ஒரு சதுர கி.மீ.க்கு 2,161 பேருக்கு மேல் வசிக்கும் ஊரகக் கரைகளில் கட்டுமானத் தடைப் பகுதியை 200 மீட்டரிலிருந்து 50 மீட்டராகக் குறைத்தது. நெரிசல் மிக்க கேரளத்துக்கு இதனால் கிடைத்த பலன் பெரிது. அறிவிக்கையின் அடிப்படையில் கேரளத்துக்கான கடலோர மேலாண்மைத் திட்டத்தை அக்குளம் மையமே தயாரித்தது. 2024 அக்டோபரில் மத்திய அரசு அதற்கு ஒப்புதல் அளித்தது. 66 கிராம ஊராட்சிகள் கட்டுப்பாடு குறைந்த வகைக்கு மாற்றப்பட்டன. ஓர் ஊர் எந்த வகையில் சேர்கிறது என்பதில் எழும் பிழை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்குக் கொச்சி அருகே உள்ள மரடு சாட்சி. 2019 மே மாதம் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவின்படி, அங்கிருந்த அடுக்குமாடிக் கட்டடங்கள் 2020 ஜனவரி 11, 12 தேதிகளில் வெடி வைத்துத் தகர்க்கப்பட்டன.

அதே 50 மீட்டருக்கு மற்றொரு முகமும் உண்டு. உயர் அலைக் கோட்டிலிருந்து 50 மீட்டருக்குள் வசிக்கும் மீனவக் குடும்பங்களை வேறிடத்துக்குக் குடியமர்த்தும் 'புனர்கேகம்' திட்டத்தை ரூ.2,450 கோடி மதிப்பில் கேரள அரசு அறிவித்தது. 18 ஆயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் கணக்கில் கொள்ளப்பட்டன. நிலத்துக்கும் வீட்டுக்கும் சேர்த்து ஒரு குடும்பத்துக்கு ரூ.10 லட்சம் தரப்படும் என்றது அரசு. நகரை ஒட்டிய கரையில் அந்தத் தொகைக்கு நிலம் கிடைப்பதில்லை என்பது மீனவர்களின் முறையீடு. விடுதி உரிமையாளருக்கு 50 மீட்டர் என்பது அனுமதியின் தொடக்கம். மீனவருக்கு அதுவே வெளியேற்றத்தின் எல்லை. அளவுகோல் பிடிக்கும் மாணவருக்கு இந்த வேறுபாட்டை யாரேனும் எடுத்துச் சொல்ல வேண்டும். கருவியைக் கையாளக் கற்றுத் தருவதோடு நின்றுவிடும் பயிற்சியை முழுமையானது என்று கூற முடியாது.

ஒரே கரை, இரு ஆய்வுகள்: அளப்பவர் யார் என்ற கேள்வி தெருவுக்கே வந்த வரலாறும் இந்நகருக்கு உண்டு. விழிஞம் துறைமுகத்துக்கு 2015 டிசம்பர் 5-இல் அடிக்கல் நாட்டப்பட்டது. சுற்றுச்சூழல் அனுமதியை எதிர்த்த வழக்கில் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2016 செப்டம்பர் 2-இல் அனுமதியை உறுதி செய்தது. கரையின் மாற்றங்களைத் தொடர்ந்து கண்காணிக்க வேண்டும் என்றும் நிபந்தனை விதித்தது. சென்னையில் உள்ள தேசிய கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் அந்தக் கண்காணிப்பை மேற்கொண்டது. சுமார் 3 கி.மீ. நீள அலைத் தடுப்புச் சுவர் எழ எழ, வடக்கே உள்ள கிராமங்களில் அரிப்பு மிகுந்தது என்றனர் மீனவர்கள். புயல்களும் பருவநிலை மாற்றமுமே காரணம் என்றது துறைமுகத் தரப்பு.

2022 ஆகஸ்ட் 16-இல் லத்தீன் கத்தோலிக்க மறைமாவட்டத்தின் தலைமையில் துறைமுக வாயிலில் தொடங்கிய முற்றுகை டிசம்பர் 6 வரை நீடித்தது. நவம்பர் 27-இல் விழிஞம் காவல் நிலையம் தாக்கப்பட்டதும், போராட்டத்தின் மீதான பொது அனுதாபம் குறைந்ததும் நினைவிருக்கலாம். போராட்டக்காரர்களின் முக்கியக் கோரிக்கைகளில் ஒன்று, பணிகளை நிறுத்திவைத்து அரிப்பு குறித்து அறிவியல்பூர்வ ஆய்வு நடத்த வேண்டும் என்பது. அந்த ஆய்வுக் குழுவில் தங்கள் தரப்பு நிபுணரும் இடம்பெற வேண்டும் என்றனர். புணேயில் உள்ள மத்திய நீர், மின் ஆராய்ச்சி நிலையத்தின் முன்னாள் அதிகாரி எம்.டி. குடாலே தலைமையில் அரசு குழு அமைத்தது. மறுபுறம், அக்குளம் மையத்தின் முன்னாள் விஞ்ஞானி கே.வி. தாமஸ் தலைமையில் மக்கள் ஆய்வுக் குழு தனியே ஆய்வில் இறங்கியது. (2023-இல் தில்லியில் கேரள அரசின் சிறப்புப் பிரதிநிதியாக நியமிக்கப்பட்ட முன்னாள் மத்திய அமைச்சர் கே.வி. தாமஸ் வேறு, இவர் வேறு.)

துறைமுகம் நின்றுவிடவில்லை. 2024 ஜூலையில் முதல் பெரிய சரக்குக் கப்பல் வந்தது. 2025 மே 2-இல் பிரதமர் மோடி அதை நாட்டுக்கு அர்ப்பணித்தார். ஆனால் ஒரே கரைக்கு இரு குழுக்கள் தேவைப்பட்டதன் காரணம் இன்னும் அப்படியே இருக்கிறது. கட்டுமானம் தொடங்குவதற்கு முன், பல ஆண்டுகள் தொடர்ச்சியாக எல்லாக் கிராமங்களிலும் எடுக்கப்பட்டு, எவரும் பார்க்கும்படி வெளியிடப்பட்ட அளவீடுகள் இருந்திருந்தால் வாதம் வேறு தளத்தில் நடந்திருக்கும். ஆண்டுதோறும் வந்து போகும் பயிற்சி மாணவர்களைக் கொண்டே அத்தகைய தொடரை உருவாக்க முடியும். செலவும் அதிகமில்லை. இன்றோ ஒவ்வொரு மாணவரும் தனக்கென ஓர் இடத்தைத் தேர்ந்து, தனக்கென ஒரு தலைப்பை வைத்து, ஓர் அறிக்கையைக் கல்லூரியில் கொடுத்துவிட்டுப் போகிறார். அது துறை நூலக அலமாரியில் ஏறி அமர்கிறது.

கடலுக்குப் போகிறவர்களின் அறிவு: திருவனந்தபுரத்தில் பயிற்சி பெறும் மாணவர் முதலில் கற்றுக்கொள்ளும் சொற்களில் ஒன்று 'கள்ளக்கடல்'. காற்றோ மழையோ இல்லாத நாளில், முன்னறிகுறி ஏதுமின்றித் திருடனைப் போலக் கரையேறும் கடலுக்கு மீனவர்கள் வைத்த பெயர் அது. தென் இந்தியப் பெருங்கடலில் எங்கோ தொலைவில் வீசிய புயற்காற்று எழுப்பிய நீள் அலைகள் நாள்கணக்கில் பயணம் செய்து இங்கு வந்து சேர்வதே காரணம் என்பதை அக்குளம் மைய விஞ்ஞானிகள் ஆராய்ந்து எழுதினர். 2012-இல் யுனெஸ்கோ அந்தச் சொல்லையே அறிவியல் வழக்காக ஏற்றது. ஹைதராபாதில் உள்ள கடல்சார் தகவல் சேவை மையம் இப்போது அதே பெயரில் எச்சரிக்கை விடுக்கிறது. எச்சரிக்கை வெளியாவது வேறு, கரையில் நிற்பவரை அது சென்றடைவது வேறு. 2024 மே 6-இல் கன்னியாகுமரி மாவட்டம் கணபதிபுரம் அருகே லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் 5 பேர் அலையில் சிக்கி உயிரிழந்தது எச்சரிக்கை நடைமுறையில் இருந்த வேளையில்தான். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் தாக்கியபோது விழிஞம், பூந்துறை மீனவர்களையும் தூத்தூர் வட்டார மீனவர்களையும் ஒருசேரக் கலங்கடித்ததும் இதே குறைதான்.

கடலடியில் உள்ள பாறைத் திட்டுகளை இக்கரை மீனவர்கள் 'பார்' என்கின்றனர். கரையில் தெரியும் தேவாலயக் கோபுரம், குன்று, தென்னை போன்ற அடையாளங்களை ஒன்றோடொன்று கோட்டில் நிறுத்திப் பார்த்துப் பாரின் இடத்தைக் கண்டறியும் முறைக்குக் 'கணிச்சம்' என்று பெயர். செயற்கைக்கோள் வழிகாட்டிக் கருவி வருவதற்கு முன் தலைமுறை தலைமுறையாகக் கையாளப்பட்ட நில அளவை இது. மீனவர் சமூகத்திலிருந்து வந்த ராபர்ட் பனிப்பிள்ளை 'ஃபிரெண்ட்ஸ் ஆஃப் மரைன் லைஃப்' என்ற அமைப்பின் மூலம் நீருக்குள் மூழ்கி இத்தகைய பார்களையும் அவற்றின் உயிரினங்களையும் பதிவு செய்துவந்துள்ளார். 2024-இல் பொழியூர் முதல் வர்க்கலை வரை 42 மீனவ கிராமங்களை ஒட்டிய கடலில் செயற்கைப் பார்கள் இறக்கப்பட்டன. அவற்றின் எண்ணிக்கை 6,300. செலவு ரூ.13.02 கோடி. தொழில்நுட்ப உதவி அளித்தது கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம். அவற்றில் எத்தனை நிலைத்தன, எங்கே மீன் பெருகியது என்பதை வரும் ஆண்டுகளில் கணக்கெடுக்க வேண்டும். கணிச்சம் தெரிந்த தந்தையும், விலங்கியல் படிக்கும் மகனும் ஒரே வள்ளத்தில் ஏறினால் அந்தக் கணக்கு எளிதாகும்.

அத்தகைய பிள்ளைகளைத் தேடிச் சேர்க்கும் ஏற்பாடு பெரிய நிறுவனங்களில் கண்ணில் படவில்லை. விண்ணப்பமும் நேர்காணலும் ஆங்கிலத்தில் நடக்கின்றன. அறிக்கையும் ஆங்கிலத்திலேயே. அளக்கப்பட்ட ஊரில் அதைப் படிப்போர் சிலரே. மலையாளத்தில் நான்கு பக்கச் சுருக்கம் எழுதி, பங்குப் பேரவையிலோ ஊராட்சிக் கூட்டத்திலோ வாசிப்பதைப் பயிற்சியின் கட்டாயப் பகுதியாக்குவதற்குத் தனி நிதி எதுவும் தேவையில்லை.

எல்லையில் ஒரு தூண்டில் வளைவு: தமிழக வாசகர்களுக்கு இது அயல் மாநிலச் செய்தியும் அல்ல. பொழியூருக்கு மறுபுறம் இருப்பது கன்னியாகுமரி மாவட்டத்தின் நீரோடி. தமிழக அரசு அங்கே கல் கொட்டித் தூண்டில் வளைவு அமைத்த பின் தங்கள் கரை வேகமாக அரிக்கப்படுகிறது என்பது பொழியூர், கொல்லங்கோடு பகுதி மக்களின் புகார். தூண்டில் வளைவு ஒரு பக்கம் மணலைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மறுபக்கத்துக்குப் போக வேண்டிய மணல் குறையும். இது பொறியியலின் பாலபாடம். ஒரு கிராமம் தூண்டில் வளைவு கேட்டுப் போராடிப் பெறும்போதே அடுத்த கிராமத்தின் போராட்டத்துக்கும் வித்திடப்படுகிறது. இரு மாநிலங்களும் தத்தம் எல்லைக்குள் தனித்தனியே திட்டம் தயாரிக்கின்றன. மணல் எந்தப் பக்கம் எவ்வளவு நகர்கிறது என்பதை இரு கரைகளிலும் ஒரே நாளில், ஒரே முறையில் அளந்தால்தான் விடை கிடைக்கும். நாகர்கோவில் கல்லூரி மாணவர்களும் திருவனந்தபுரம் கல்லூரி மாணவர்களும் சேர்ந்து செய்யக்கூடிய பயிற்சி இது. இரு தரப்புக்கும் இடையே பேருந்துப் பயணம் இரண்டு மணி நேரம்.

2025 மே 25-இல் விழிஞத்திலிருந்து கொச்சிக்குச் சென்ற 'எம்.எஸ்.சி. எல்சா 3' கப்பல் 640 கண்டெய்னர்களுடன் மூழ்கியபோதும் எல்லைக் கோடு பயன்படவில்லை. அரிசி மணி போன்ற பிளாஸ்டிக் குருணைகள் திருவனந்தபுரம் கரையிலும் கன்னியாகுமரி கரையிலும் ஒதுங்கின. தன்னார்வலர்கள் சல்லடையும் முறமும் கொண்டு நாள்கணக்கில் அவற்றைப் பொறுக்கினர். கேரள அரசு ரூ.9,531 கோடி இழப்பீடு கோரி உயர் நீதிமன்றத்தை நாடியது. இத்தகைய வழக்குகளில், விபத்துக்கு முன் கரை எப்படி இருந்தது என்பதற்கான பதிவுகளுக்கு எப்போதும் தனி மதிப்பு உண்டு. ஒரு சதுர மீட்டர் மணலில் எத்தனை குருணை என்று எண்ணி, தேதியும் இடமும் குறித்து வைக்க இளநிலை மாணவருக்கு இரண்டு நாள் பயிற்சி போதும்.

அடுத்த சோதனை கொல்லம் கடலில் காத்திருக்கிறது. 2023-இல் திருத்தப்பட்ட கடல்பரப்புக் கனிமச் சட்டத்தின் கீழ், 2024 நவம்பரில் மத்திய அரசு ஏலத்துக்கு அறிவித்த 13 தொகுதிகளில் கொல்லத்துக்கு அப்பால் உள்ள மூன்று கட்டுமான மணல் தொகுதிகளும் அடங்கும். 2025 மார்ச் 4-இல் கேரள சட்டப்பேரவை இதை எதிர்த்து ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேற்றியது. கேரள எம்.பி.க்கள் நாடாளுமன்ற வளாகத்தில் குரல் எழுப்பினர். திருத்த மசோதா 2023-இல் அவைக்கு வந்தபோது இந்த அளவுக்கு விவாதம் நடைபெறவில்லை என்பதையும் கூற வேண்டும்.

அறிவியல், தொழில்நுட்பம், சுற்றுச்சூழல், வனம் ஆகியவற்றுக்கான நாடாளுமன்ற நிலைக் குழு ஆண்டுதோறும் நிதிநிலை அறிக்கைக்குப் பின் புவி அறிவியல், சுற்றுச்சூழல் அமைச்சகங்களின் மானியக் கோரிக்கைகளை ஆராய்கிறது. அக்குளம் மையத்தின் நிதியும், சென்னையில் உள்ள இரு தேசிய நிறுவனங்களின் நிதியும் அங்கேதான் பரிசீலனைக்கு வருகின்றன. கடலோரத் தொகுதிகளின் உறுப்பினர்கள் அங்கு கேட்க வேண்டியவை சில உண்டு. இந்த நிறுவனங்கள் ஓர் ஆண்டில் எத்தனை பயிற்சி மாணவர்களைச் சேர்க்கின்றன? அவர்களில் மீனவக் குடும்பத்தினர் எத்தனை பேர்? உதவித்தொகைக்கு எந்தத் தலைப்பில் பணம் ஒதுக்கப்பட்டுள்ளது? அவர்கள் எடுத்த அளவீடுகள் எந்த இணையதளத்தில் கிடைக்கும்? குழுவின் கேள்விகளுக்கு அமைச்சகங்கள் எழுத்துபூர்வமாகப் பதிலளித்தாக வேண்டும். அந்தப் பதில்கள் அறிக்கையில் இடம்பெற்று இரு அவைகளிலும் வைக்கப்படும்.